பன்றிகள் எங்கிருந்து வந்தன? ஜார்ஜ் ஆர்வெல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிறு சாயங்காலம், மந்தைவெளியில் ஒரு மொட்டைமாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறோம். இலக்கியக் கூட்டம் என்றெல்லாம் சொல்ல முடியாது, பஜ்ஜி தீர்ந்தால் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். போன மூன்று மாதமும் ஜார்ஜ் ஆர்வெல்தான், 'விலங்குப் பண்ணை'யும் '1984'உம் எழுதியவர். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அதே கேள்விகளைக் கேட்கிறார்கள், நானும் ஒவ்வொரு தடவையும் பதிலைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லி மாட்டிக்கொள்கிறேன். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில், இவர் யார்? ரெண்டு வரியில் சொல்லுங்களேன்.

நிஜப்பெயர் எரிக் ஆர்தர் பிளேர். 1903 ஜூன் 25இல் பிறந்து 1950 ஜனவரி 21இல், 46 வயதில் இறந்தார். நடுவில் போலீஸ் அதிகாரி, பாத்திரம் கழுவுகிறவர், பள்ளி வாத்தியார், புத்தகக் கடைச் சிப்பந்தி, கிராமத்து மளிகைக் கடைக்காரர், போர்வீரர், ரேடியோ ஊழியர், பத்திரிகையாளர். 1933இல் முதல் புத்தகம் வந்தபோது, பிள்ளை பிச்சைக்காரர்களோடு சுற்றியதெல்லாம் வெளியே தெரிந்து வீட்டாருக்குச் சங்கடமாகிவிடக் கூடாது என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். ஆர்வெல் என்பது இங்கிலாந்தின் சஃபோக் பக்கம் ஓடுகிற ஓர் ஆறு. நம் ஆட்கள் பொன்னி, பொருநை என்று வைத்துக்கொள்வது மாதிரி. ரெண்டு வரி தாண்டிவிட்டது, மன்னிக்கவும்.

பீகாரில் பிறந்தவராமே? அப்போ நம்ம ஊர்க்காரரா?

பிறந்தது மோதிஹாரியில், அது உண்மை. நம்ம ஊர்க்காரர் இல்லை. ஒரு வயது சுமாருக்கு அம்மா தூக்கிக்கொண்டு இங்கிலாந்து போய்விட்டார். ஆனால் அப்பா இங்கே என்ன வேலை பார்த்தார் என்பதுதான் விஷயம்: அபின் இலாகா அதிகாரி. வெள்ளைக்கார அரசாங்கம் பீகார் விவசாயிகளைக் கசகசாச் செடி போடவைத்து, அதிலிருந்து எடுத்த அபினைச் சீனாவுக்கு ஏற்றுமதி செய்து காசு பார்த்த இலாகா அது. அம்மா ஐடா பர்மாவில் மோல்மேன் ஊரில் வளர்ந்தவர், அவருடைய அப்பா அங்கே மர வியாபாரம் செய்த பிரெஞ்சுக்காரர். ஆக, அப்பா வழி அபின், அம்மா வழி பர்மா மரம். ஏகாதிபத்தியம் என்பது இவருக்குப் புத்தகத்தில் படித்த வார்த்தை இல்லை, வீட்டுச் சோறு அதில்தான் வெந்தது. பின்னாளில் இவர் எழுதியதை எல்லாம் இந்த ஒரு தகவலை மனசில் வைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள்.

பள்ளிக்கூடம் எப்படி?

குறைந்த கட்டணத்தில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். நீ மற்றவர்கள் தயவில் படிக்கிறாய் என்று அங்கே சொல்லிக் காட்டிக்கொண்டே இருந்ததாக எழுதியிருக்கிறார், அந்தக் கட்டுரை அவர் இறந்த பிறகுதான் வெளியானது. அப்புறம் உதவித்தொகையில் ஈட்டன். கூடப் படித்தவர்கள் ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் என்று போக, இவர் பர்மாவுக்குக் கப்பல் ஏறினார்.

போலீஸ்காரராக இருந்தவர் எப்படி அதிகாரத்தைக் கேலி செய்யும் எழுத்தாளர் ஆனார்?

இந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன்.

1922இல் இந்திய இம்பீரியல் போலீஸில் சேரும்போது வயது பத்தொன்பது. மாண்டலேயில் பயிற்சி. அப்புறம் சிரியம், இன்செய்ன், மோல்மேன், காதா என்று ஊர் ஊராக மாற்றல். 1927இல் விடுப்பில் இங்கிலாந்து போனவர் திரும்பவே இல்லை, வேலையை விட்டுவிட்டார். அந்த ஐந்து வருஷத்திலிருந்து 'பர்மிய நாட்கள்' என்ற நாவலும் (1934) இரண்டு பிரமாதமான கட்டுரைகளும் கிடைத்தன. ஒன்று ஒரு தூக்குத்தண்டனையைப் பற்றியது (1931), இன்னொன்று ஒரு யானையைச் சுட்டதைப் பற்றியது (1936). இரண்டிலும் நம்மவர்கள் வருகிறார்கள், அதை ஏனோ யாரும் கவனிப்பதில்லை.

தூக்குத்தண்டனைக் கட்டுரையில் சிறையின் தலைமை ஜெயிலர், தங்க பிரேம் கண்ணாடியும் வெள்ளை டிரில் சூட்டும் போட்ட, குண்டான ஒரு 'திராவிடர்' என்றே எழுதியிருக்கிறார். பெயர் பிரான்சிஸ். கைதியைத் தூக்குமேடைக்கு நடத்திக்கொண்டு போகும்போது, வழியில் தேங்கியிருந்த தண்ணீரை மிதிக்காமல் அந்தக் கைதி கொஞ்சம் ஒதுங்கிப் போகிறார். இன்னும் சில நிமிஷத்தில் சாகப்போகிறவர், கால் நனையக் கூடாது என்று பார்க்கிறார்! அந்த இடத்தில்தான், உயிரோடு இருக்கிற ஒரு மனுஷனைக் கொல்வது என்றால் என்ன என்று தனக்கு உறைத்ததாக எழுதுகிறார். எல்லாம் முடிந்த பிறகு பிரான்சிஸ் கலகலவென்று பேசுகிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள், சேர்ந்து குடிக்கிறார்கள். ஆர்வெலும் சிரிக்கிறார், குடிக்கிறார். தான் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றதாக அவர் எழுதவில்லை.

யானைக் கட்டுரை இன்னும் மோசம். மதம் பிடித்த யானை ஒன்று சங்கிலியை அறுத்துக்கொண்டு வந்து ஒருவரை மிதித்துக் கொன்றுவிடுகிறது. செத்தவர் ஒரு 'திராவிடக் கூலி'. கடைசியில் ஒரு வெள்ளைக்கார இளைஞர் அவரைக் 'கோரிங்கி கூலி' என்கிறார். கோரிங்கி கோதாவரி முகத்துவாரத்தில் இருந்த துறைமுகம், அங்கிருந்து பர்மாவுக்குக் கூலி வேலைக்குப் போன தெலுங்கர்களை அப்படித்தான் அழைத்தார்கள். ஆர்வெல் துப்பாக்கியோடு போய்ச் சேரும்போது யானை சாதுவாகப் புல் தின்றுகொண்டிருக்கிறது. சுட வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் முதுகுக்குப் பின்னால் ரெண்டாயிரம் பேர் வேடிக்கை பார்க்க நிற்கிறார்கள், சுடாமல் திரும்பினால் சிரிப்பார்கள். சுட்டுவிடுகிறார். அந்தக் கூலி செத்தது நல்லதாகப் போயிற்று, சட்டப்படி என் மேல் தப்பு இல்லை என்றாகிவிட்டது, ஆனால் முட்டாளாகத் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் சுட்டேன் என்பது யாருக்காவது புரிந்ததா தெரியவில்லை, என்று முடிக்கிறார்.

(இது அப்படியே நடந்ததா என்பதில் அவருடைய வாழ்க்கையை எழுதியவர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. நடந்ததோ இல்லையோ, தன்னைத்தானே இப்படிக் காட்டிக்கொடுக்க ஒரு துணிச்சல் வேண்டும்.)

என் கட்சி இதுதான். எதிரி முகாமை நக்கல் அடிப்பது ரொம்ப சுலபம், நம் மேடைகளில் தினமும் நடக்கிறது. ஆர்வெல் கேலி செய்தது தான் உடுப்புப் போட்டுக்கொண்டு நின்ற இடங்களை. பர்மாவில் ஆரம்பித்த அந்தப் பழக்கம் கடைசிவரை போகவில்லை.

பாரிஸில் பாத்திரம் கழுவினார் என்பது நிஜமா, விளம்பரமா?

நிஜம். 1929இல் கையில் காசில்லாமல் ஒரு பெரிய ஹோட்டலின் அடித்தளத்தில் தட்டு கழுவினார். லண்டனில் வீடில்லாதவர்களோடு தங்கினார். 1936இல் வடக்கு இங்கிலாந்தின் விகன் பக்கம் போய் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கினார், ஆறடிக்கு மேல் உயரம் என்பதால் உள்ளே குனிந்தே நடந்து முதுகு போய்விட்டது. இதில் ஒரு பகுதி போலீஸ் வேலைக்குத் தானே கொடுத்துக்கொண்ட தண்டனை, அவரே அப்படித்தான் சொல்கிறார். எனக்கு இந்தக் காலகட்டத்துப் புத்தகங்கள் மேல் அவ்வளவு பிரியம் இல்லை, தாண்டிப் போகிறேன்.

ஸ்பெயினில் என்னதான் நடந்தது? எல்லோரும் அதைத்தான் திருப்புமுனை என்கிறார்கள்.

அதுதான் திருப்புமுனை. 1936 டிசம்பர் கடைசியில், அங்கே நடந்த உள்நாட்டுப் போரில், அரசைக் கவிழ்க்கக் கிளம்பிய தளபதி ஃபிராங்கோவின் ராணுவத்தை எதிர்த்த குடியரசுத் தரப்புக்காகப் பார்சலோனா போனார். பி.ஓ.யூ.எம். என்ற சின்ன மார்க்சியக் கட்சியின் படையில் சேர்ந்தார். பெரிய யோசனை செய்து சேர்ந்த கட்சி இல்லை, இங்கிலாந்தில் கிடைத்த அறிமுகக் கடிதம் அங்கே கொண்டுபோய் விட்டது. அரகான் போர்முனையில் குளிர், பேன், விறகுக்கு அலைச்சல், பழைய துப்பாக்கி. சண்டை என்னவோ கொஞ்சம்தான்.

1937 மே மாதம் விடுப்பில் பார்சலோனா வந்தால், ஃபிராங்கோவை எதிர்க்க வேண்டிய கட்சிகள் தங்களுக்குள்ளேயே சுட்டுக்கொள்கின்றன. ஒரு பக்கம் மாஸ்கோ ஆதரவுக் கம்யூனிஸ்டுகளும் அரசாங்கப் போலீஸும், மறு பக்கம் அராஜகவாதிகளும் பி.ஓ.யூ.எம்.மும். எதிரில் இருந்த கட்சி அலுவலகத்துக்குக் காவலாக ஒரு சினிமா தியேட்டர் மாடியில் துப்பாக்கியோடு மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். போர்முனைக்குத் திரும்பிய கொஞ்ச நாளில், மே 20ஆம் தேதி விடியற்காலை, பதுங்குகுழியிலிருந்து தலை கொஞ்சம் வெளியே தெரிய, கழுத்தில் குண்டு பாய்ந்தது. மயிரிழையில் பிழைத்தார், குரல்தான் கொஞ்ச காலத்துக்குப் போய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து பார்சலோனா திரும்புகிறார். ஹோட்டல் கூடத்தில் மனைவி ஐலீன் சிரித்த முகத்தோடு வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு, காதோரம், 'உடனே வெளியே போங்க' என்கிறார். கட்சியைத் தடை செய்துவிட்டார்கள். கூடச் சண்டை போட்டவர்கள் சிறையில். கட்சித் தலைவர் ஆந்த்ரெயூ நின் பிடித்துக்கொண்டு போகப்பட்டுக் கொல்லப்பட்டார். ஃபாசிஸ்டுகளின் குண்டைக் கழுத்தில் வாங்கியவர், ஃபாசிஸ்ட் கைக்கூலி என்ற பட்டத்தோடு இடிந்த சர்ச்சிலும் காலி மனையிலும் படுத்துத் தூங்கி, ஜூன் கடைசியில் ரயிலேறி பிரான்ஸுக்குத் தப்பினார். இவர் மேலும் ஐலீன் மேலும் ட்ராட்ஸ்கியவாதிகள், அதாவது ஸ்டாலினின் எதிரி ட்ராட்ஸ்கியின் ஆட்கள் என்று போலீஸ் ஓர் அறிக்கையே எழுதி வைத்திருந்தது, அது அவர் இறந்து ரொம்ப காலம் கழித்துத்தான் வெளியே வந்தது.

இங்கிலாந்து வந்து பார்த்தால், அங்கே இடதுசாரிப் பத்திரிகைகளிலும் அதே பொய். இவர் எழுதிக் கொடுத்ததை 'நியூ ஸ்டேட்ஸ்மன்' போட மறுத்தது. 'கேட்டலோனியாவுக்கு வணக்கம்' என்ற புத்தகம் 1938இல் 1,500 பிரதி அச்சானது, அவர் சாகும்வரை அதுவும் விற்றுத் தீரவில்லை. சண்டையே நடக்காத இடத்தில் பெரும் போர் நடந்ததாகச் செய்தி, நூற்றுக்கணக்கானவர்கள் செத்த இடத்தைப் பற்றி மூச்சே இல்லை, என்று பின்னால் எழுதினார். தலைவர் ரெண்டும் ரெண்டும் ஐந்து என்றால் ஐந்துதான் என்ற வரியும் அந்த ஸ்பெயின் கட்டுரையிலேயே வந்துவிடுகிறது. '1984' வர இன்னும் ஆறு வருஷம் பாக்கி.

பி.பி.சி.யில் வேலை பார்த்தாராமே?

1941 ஆகஸ்டிலிருந்து 1943 நவம்பர்வரை, கீழ்த்திசைச் சேவையில். யாருக்கான ஒலிபரப்பு? நமக்கு! இந்தியர்கள் பிரிட்டன் பக்கம் நிற்க வேண்டும் என்பதற்கான யுத்தப் பிரசாரம். இந்திய விடுதலைக்கு ஆதரவானவர், பிரிட்டிஷ் ரேடியோவில் உட்கார்ந்து இந்தியர்களுக்குப் பேச்சு தயார் செய்தார், நடுவில் 1942 ஆகஸ்ட் வந்து காந்தியும் நேருவும் சிறைக்குப் போனார்கள். ஒவ்வொரு பேச்சும் தணிக்கை முத்திரை வாங்கித்தான் போகும். கேட்டவர்கள் ரொம்பக் குறைவு என்பது அவருக்கும் தெரியும், என் நேரத்தையும் பொதுப் பணத்தையும் வீணாக்குகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

'1984'இல் எல்லோரும் நடுங்குகிற 101ஆம் அறை, பி.பி.சி. கட்டடத்தில் இவர் அலுப்போடு உட்கார்ந்திருந்த கூட்ட அறையின் எண். சித்திரவதைக் கூடத்துக்கு ஆபீஸ் மீட்டிங் அறையின் எண்ணை வைத்தவரின் நகைச்சுவை, வாராவாரம் ரிவியூ மீட்டிங்கில் உட்காருகிற ஓ.எம்.ஆர். ஆட்களுக்குப் பட்டென்று புரிந்தது.

அங்கே அவர் நடத்திய கவிதை நிகழ்ச்சியில் முல்க் ராஜ் ஆனந்த் வந்தார், டி.எஸ். எலியட் வந்தார், இலங்கைத் தமிழரான தம்பிமுத்துவும் வந்தார். தம்பிமுத்து அப்போது லண்டனில் 'பொயட்ரி லண்டன்' பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தவர். எலியட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்ப வருவார்.

பண்ணை, ஆடு, கோழி எல்லாம் எங்கிருந்து பிடித்தார்?

ஆடும் கோழியும் வளர்த்தவர் அவர். வாலிங்டன் என்ற கிராமத்தில் சின்ன மளிகைக் கடை வைத்துக்கொண்டு, பால் கறந்து, முட்டைக் கணக்கு எழுதினார். வீட்டு ஆட்டின் பெயர் மியூரியல். 'விலங்குப் பண்ணை'யில் வருகிற வெள்ளாட்டின் பெயரும் மியூரியல்தான்.

கதைக்கான பொறியை 1947இல் உக்ரேனியப் பதிப்பின் முன்னுரையில் சொல்லியிருக்கிறார். பத்து வயதுப் பையன் ஒருவன் ஒரு பெரிய வண்டிக்குதிரையை ஒற்றையடிப் பாதையில் ஓட்டிப் போகிறான், அது பாதை மாறித் திரும்ப முயலும்போதெல்லாம் சாட்டையால் அடிக்கிறான். தன் பலம் இந்தக் குதிரைக்குத் தெரிந்தால் நம் கதி என்ன, என்று தோன்றியதாம்.

மிருகங்கள் முதலாளியைத் துரத்திவிட்டுப் பண்ணையைத் தாங்களே நடத்துகிற கதை அது, தலைமை பன்றிகளுக்கு. அதில் அவரே முக்கியம் என்று சொன்ன இடம் குதிரை இல்லை, பாலும் ஆப்பிளும். புரட்சி நடந்த முதல் நாளே கறந்த பால் காணாமல் போகிறது. உதிர்ந்த ஆப்பிளும் பன்றிகளுக்கே. கேட்டால், எங்களுக்குப் பிடிக்காது, ஆனால் மூளை வேலை செய்கிறோமே, நாங்கள் தளர்ந்துவிட்டால் பழைய முதலாளி ஜோன்ஸ் திரும்பி வந்துவிடுவான், என்கிறார்கள். அங்கேயே மற்ற மிருகங்கள் எதிர்த்திருக்க வேண்டும் என்பதுதான் கதை என்று ஒரு நண்பருக்கு எழுதினார்.

இந்த இடத்தில் ஒரு சொந்தக் கதை. 2019 கோடை, செம்பரம்பாக்கமும் புழலும் வறண்டு கிடந்த வருஷம். நான் அப்போது குடியிருந்த அடுக்ககத்தில், தண்ணி லாரியில் கமிஷன் அடிக்கிறார் என்று பழைய செயலாளரைக் கவிழ்த்துவிட்டுப் புதுக் குழு போட்டோம். முதல் வாரம் அருமை. வீட்டுக்கு எட்டுக் குடம், நோட்டில் கையெழுத்து. மூன்றாவது வாரம் ராத்திரி பதினொன்றரைக்குக் குழு உறுப்பினர்கள் வாசலில் மட்டும் ஒரு நீல டிரம் தளும்பத் தளும்ப நின்றது. ஒரு அக்கா கேட்டார். 'லாரிக்காக ராத்திரி முழுக்க முழிச்சிருக்கறது யாரு? எங்களுக்காகவா கேக்கறோம்? நாங்க விலகிட்டா அந்த ஆளுதான் திரும்ப வருவார், பரவாயில்லையா?' என்று பதில் வந்தது. அக்கா வெறும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடி ஏறிப் போனார். பதில் சொன்னவர் செயலாளர். பக்கத்தில் தலையாட்டிக்கொண்டு நின்ற துணைச் செயலாளர் நான்தான், ஒரு டிரம் என் வாசலிலும் இருந்தது.

யார் யாரைக் குறிக்கிறார்கள்?

தலைமைப் பன்றி நெப்போலியன் ஸ்டாலின், அதன் போட்டிப் பன்றி ஸ்னோபால் ட்ராட்ஸ்கி, ஜோன்ஸ் ஜார் மன்னர். பேச்சில் கெட்டிக்காரப் பன்றி ஸ்க்வீலர் அரசாங்கப் பத்திரிகை, பாக்ஸர் என்ற குதிரை உழைத்தே செத்த ஜனம். கிழட்டுப் பன்றி மேஜரில் மார்க்ஸும் லெனினும் கலந்திருக்கிறார்கள். பரீட்சைக்கு இது போதும்.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். காற்றாலையை வெடி வைத்துத் தகர்க்கும்போது எல்லா மிருகங்களும் தரையில் குப்புற விழுந்தன என்று முதலில் எழுதியிருந்தார். அச்சுக்குப் போகும் முன், 'நெப்போலியனைத் தவிர' என்று திருத்தச் சொன்னார். ஜெர்மன் படை நெருங்கியபோதும் ஸ்டாலின் மாஸ்கோவை விட்டு ஓடவில்லை, அதனால் அதுதான் நியாயம் என்றார். யாரைக் கிழிக்கிறாரோ அவருக்கே கணக்கில் ஒரு வரி வரவு வைக்கிறார் பாருங்கள்.

இவ்வளவு நல்ல புத்தகத்தை ஏன் யாரும் போட மாட்டேன் என்றார்கள்?

எழுதி முடித்தது 1944 பிப்ரவரி. ஹிட்லரை எதிர்த்து ரஷ்யர்கள் லட்சக்கணக்கில் செத்துக்கொண்டிருக்கிறார்கள், ஸ்டாலின் பிரிட்டனின் கூட்டாளி. பதிப்பாளர் கோலன்ஸ் மறுத்தார். கேப் நிறுவனம் முதலில் சரி என்றுவிட்டு, தகவல் அமைச்சக அதிகாரி ஒருவரைக் கலந்துகொண்டு பின்வாங்கியது, பன்றிக்குப் பதில் வேறு மிருகம் வைக்கக் கூடாதா என்று யோசனை வேறு. அந்த அதிகாரி சோவியத் உளவாளி என்று பிற்பாடு தெரிந்தது! ஃபேபர் நிறுவனத்தின் சார்பில் மறுத்தவர் நம்ம எலியட். உங்கள் பன்றிகள்தான் அங்கே புத்திசாலிகள், ஆகவே பண்ணையை நடத்தத் தகுதியானவர்கள், வேண்டியது இன்னும் பொதுநல எண்ணம் கொண்ட பன்றிகள், என்ற தோரணையில் ஒரு கடிதம். ஜெர்மன் குண்டு விழுந்து ஆர்வெலின் வீடு நொறுங்கியதில் கையெழுத்துப் பிரதியைக் குப்பையிலிருந்து பொறுக்கி எடுத்தார்கள். கடைசியில் செக்கர் அண்ட் வார்பர்க் 1945 ஆகஸ்ட் 17இல் வெளியிட்டது. கதையை ராத்திரி ராத்திரி கேட்டுச் சிரித்த ஐலீன் அந்த மார்ச்சிலேயே ஓர் அறுவை சிகிச்சையில் இறந்துவிட்டார்.

அப்போ அவர் கம்யூனிச எதிரி, வலதுசாரி, அவ்வளவுதானே?

கம்யூனிஸ்டுத் தோழர் ஒருவர் எங்கள் மாடியில் மாதாமாதம் இதைக் கேட்பார். 1936க்குப் பிறகு தான் அக்கறையோடு எழுதிய ஒவ்வொரு வரியும் சர்வாதிகாரத்துக்கு எதிராகவும் ஜனநாயக சோஷலிசத்துக்கு ஆதரவாகவும் எழுதியது என்று ஆர்வெலே சொல்லியிருக்கிறார். இரண்டாம் பாதியை மறைத்துவிட்டு முதல் பாதியை மட்டும் விற்றார்கள். 1954இல் வந்த கார்ட்டூன் படத்துக்குப் பின்னால் அமெரிக்க உளவுத்துறை சி.ஐ.ஏ.வின் பணம், முடிவையே மாற்றிவிட்டார்கள். மனிதர் யார், பன்றி யார் என்று தெரியாமல் போவதுதான் கதையின் முடிவு. படத்தில் மிருகங்கள் பன்றிகளைத் தோற்கடித்துவிடும். தெஹ்ரானில் சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும் ஸ்டாலினும் கூடிக் குலாவியதை வைத்துத்தான், பன்றிகளும் மனிதர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து சீட்டாடுகிற அந்தக் கடைசி விருந்தை எழுதினார். மேசையில் இரு தரப்பும் சீட்டில் ஏமாற்றுகிறது என்பது படக்காரர்களுக்குத் தோதுப்படவில்லை.

தோழர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. 1949இல், படுக்கையில் கிடந்தபோது, கம்யூனிஸ்ட் அனுதாபிகள் என்று தான் நினைத்த 38 பேரின் பட்டியலை பிரிட்டிஷ் அரசின் பிரசாரத் துறையில் வேலை பார்த்த ஒரு தோழியிடம் கொடுத்தார். இவர்களைப் பிரசாரம் எழுதக் கூப்பிடாதீர்கள் என்பதற்குத்தான், பிடித்துப் போடச் சொல்லி அல்ல. இருந்தாலும் பட்டியல் பட்டியல்தான். பழைய போலீஸ்காரர் முழுசாகப் போகவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

'1984' சாவுப் படுக்கையில் எழுதியது, அதனால்தான் அவ்வளவு இருட்டு என்கிறார்களே?

பாதி சரி. ஸ்காட்லாந்தின் ஜூரா தீவில், காசநோயோடு எழுதினார். அமெரிக்காவிலிருந்து வரவழைத்த ஸ்ட்ரெப்டோமைசின் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அந்தத் தீவுக்கு வந்து டைப் அடிக்க ஆள் கிடைக்காததால், 1948 கடைசியில் பாதி நேரம் படுக்கையில் இருந்தபடி தானே அடித்தார். 1949 ஜூன் 8இல் புத்தகம், ஏழரை மாதத்தில் மரணம்.

ஆனால் இருட்டுக்கு நோயை மட்டும் காரணம் சொன்னால் புத்தகம் கையை விட்டுப் போய்விடும். கதாநாயகன் வின்ஸ்டன் செய்கிற வேலையைப் பாருங்கள்: பழைய நாளிதழ்களைத் திருத்தி எழுதுவது. வில்லன் இல்லை, அந்த இயந்திரத்தின் குமாஸ்தா. வேலையில் ஒரு சுகம் கூட அவனுக்கு உண்டு, இல்லாத ஒரு வீரனை உட்கார்ந்த இடத்தில் கற்பனை செய்து பேப்பரில் ஏற்றும்போது ரசித்துத்தான் செய்கிறான். பார்சலோனாவில் பொய்ச் செய்திக்கு இரையானவரும், லண்டனில் பிரசாரம் எழுதியவரும் ஒரே ஆள்.

எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? தமிழில் கிடைக்குமா?

'விலங்குப் பண்ணை', '1984' இரண்டுக்கும் க.நா.சு. மொழிபெயர்ப்பு இருக்கிறது. நந்தனம் புத்தகக் காட்சியில் வேறு மொழிபெயர்ப்புகளும் பார்க்கலாம். ஆனால் என்னைக் கேட்டால் முதலில் யானைக் கட்டுரை. நீளம் ஒன்றுமில்லை, அடையாறில் பஸ் ஏறினால் பாரிமுனை வருவதற்குள் முடிந்துவிடும். இறங்கி பர்மா பஜார் பக்கம் நடந்தால், அறுபதுகளில் பர்மாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பிவந்த தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ என்கிற பர்மிய நூடுல்ஸ் இன்னும் தள்ளுவண்டியில் கிடைக்கிறது. வாழைத்தண்டுச் சூப்பும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், சாயங்காலம் ஏழுக்கு மேல் போனால் தீர்ந்துவிடும்.